அம்மாவின் கை எத்தனை கிலோ தாங்கும்?

காலை எட்டு மணிக்கு ஆவடியை அடுத்த வெள்ளானூரில் சாலையோரம் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த அத்தியாயத்தின் புதிர் வண்டி வண்டியாக நம்மைக் கடந்து போகும். ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருப்பார். அவர் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் சீருடையோடு மூத்த பிள்ளை. பின்னால் அம்மா, அவர் மடியில் பாதித் தூக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை. அந்த வண்டியில் இருக்கும் நான்கு தலைகளில் கவசம் இருப்பது ஒன்றில் மட்டும்தான். அதுவும் நால்வரில் கெட்டியான மண்டையோடு உடையவரின் தலை.

இதே குழந்தைக்கு வீட்டில் மீன் ஊட்டும்போது முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் இரவோடு இரவாக ஆவடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கண்ணேறு படாமலிருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வேறு. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்ப்பவர்கள் நெடுஞ்சாலையில் மட்டும் எப்படிக் குழந்தையை வெறுந்தலையோடு கூட்டிப் போகிறார்கள்?

அலட்சியம் என்பார்கள் சிலர், விழிப்புணர்வு இல்லை என்பார்கள் சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த வண்டி எதன்மீதாவது மோதினால் உள்ளபடியே என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

படுக்கைவாக்கில் ஒரு வீழ்ச்சி

உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும் என்பது தவழ்ந்து பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டில் விளிம்புக்கு வந்ததும் அது பெரும்பாலும் தயங்கி நிற்கிறது. ஆனால் வேகத்தைக் கண்டு பயப்படும் உணர்வு நம் உடம்பில் இல்லை. மனிதன் ஓடியே பழகியவன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நம்மில் பெரும்பாலோரின் கால்கள் அறியாத வேகம்.

அதனால் வேகத்தை உயரமாக மாற்றிப் பார்ப்போம். இதைப் 'படுக்கைவாக்கு வீழ்ச்சி' என்று அழைக்கலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்று. அதாவது ஓட்டு வீட்டுக் கூரையின் உச்சியிலிருந்து. 40 என்றால் ஆறு மீட்டருக்குச் சற்று மேல், ஒரு மாடி வைத்த வீட்டின் மொட்டைமாடி. 50 என்றால் கிட்டத்தட்டப் பத்து மீட்டர், அதற்கும் மேலே இன்னொரு மாடி.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் யாரும் குழந்தையை உட்கார வைக்க மாட்டார்கள். வண்டியில் அதே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று சிமென்ட் மூட்டை

"நான்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கேனே" என்று அம்மா சொல்வார். அந்தப் பிடியை எடைபோட்டுப் பார்ப்போம்.

குழந்தையின் எடை 12 கிலோ. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், எதிரே நிற்கும் லாரியின் பின்புறத்தில் மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தைச் சேர்க்க ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட வீழ்ச்சி தேவைப்பட்டது. அதையெல்லாம் இப்போது அரை மீட்டரில் இழக்க வேண்டும். தூரம் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு குறைகிறது. அதே அளவுக்கு விசை கூடுகிறது. 12 கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் அம்மாவின் கைகளை 150 கிலோ பாரத்தோடு இழுக்கும். மூன்று சிமென்ட் மூட்டை. எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கை இறுகுவதற்கே அந்த நேரம் போதாது. அதோடு அம்மாவின் உடம்பும் அதே வேகத்தில் முன்னால் பாய்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்கூட்டரின் முன்பலகையில் குழந்தையை நிற்க வைப்பது. கண்ணெதிரே இருக்கிறது, பத்திரம் என்று தோன்றும். மோதும்போது அந்தக் குழந்தை ஹேண்டில்பாருக்கும் பெரியவரின் உடம்புக்கும் நடுவில் சிக்கும். பெரியவரைக் காப்பாற்றும் மெத்தையாகக் குழந்தை ஆகிவிடுகிறது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு மாறாது. முன்சீட்டில் மடியில் வைத்த குழந்தையும் இதே 150 கிலோதான். அதற்கும் மேலே, காற்றுப்பை விரியும் வேகம் குழந்தையின் கழுத்துக்கே ஆபத்து. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்பங்கு தலை. கழுத்தோ இன்னும் முற்றாத குருத்து. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்டில் ஆல்ட்மன் 1960களில், விண்வெளி வீரர்கள் இருக்கையில் முதுகு கொடுத்துச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, பின்னோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கியது இதனால்தான். பாரம் கழுத்தில் விழாமல் முதுகு முழுவதும் பரவுகிறது. ஆனால் 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் கார் உள்ளவை எட்டுகூட இல்லை, இருசக்கர வண்டி வைத்திருப்பவை ஏறக்குறைய ஐம்பது. நம் ஊரில் குழந்தையின் பாதுகாப்பு இருக்கை பற்றிய கேள்வி, பெரும்பாலும் குழந்தையின் ஹெல்மெட் பற்றிய கேள்விதான்.

தலைக்கும் தாருக்கும் நடுவே

ஹெல்மெட்டின் உயிர் அதன் பளபளக்கும் ஓட்டில் இல்லை. உள்ளே, துணிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அடுக்கு இருக்கிறதே, அதில் இருக்கிறது.

வண்டியிலிருந்து சரிந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தார்ச்சாலையில் மோதினால், வெறுந்தலை நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். தெர்மாகோல் நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால், விசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நசுங்குவதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது மறுமுறை உதவாது. இருசக்கர வண்டிகளில் ஹெல்மெட் அணிவது உயிரிழப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று, உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

சாலையோரத்தில் இருநூறு, முந்நூறுக்கு விற்கும் ஹெல்மெட்டில் அந்த அடுக்கு பெயருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் 1 முதல் சட்டப்படி குற்றம். இருந்தும் அவை விற்கின்றன. ஏன் விற்கின்றன என்பதில்தான் நம் புதிரின் இரண்டாம் பாதி இருக்கிறது.

ஏழாம் தேதிச் சம்பளம்

வெள்ளானூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. கைக்கு வரும் சம்பளம் 17,000 ரூபாய், ஏழாம் தேதி. மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக 18,000.

வாடகை 5,000. வண்டி டியூ 2,900. குழு லோன் வாரம் 650 வீதம் மாதம் 2,600. பள்ளிக்கூடத்துக்கு 1,300. பெட்ரோல் 1,200. மளிகை, பால், கேஸ் எல்லாம் 4,500க்குள் அடங்கிவிட்டால் அது நல்ல மாதம். மிச்சம் 500. அதில்தான் மருந்து, சொந்தத்தில் ஒரு காதுகுத்து, செல்போன் ரீசார்ஜ் எல்லாம்.

முத்திரையுள்ள நல்ல சிறுவர் ஹெல்மெட் ஆயிரம் ரூபாய் என்று வைப்போம். இரண்டு பிள்ளைகளுக்கு 2,000.

"ஏங்க, பசங்களுக்கு ஹெல்மெட் வாங்கணும்னு சொன்னீங்களே?"

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா. இந்த மாசம் ஸ்கூல் டெர்ம் ஃபீஸ் இருக்குல்ல."

இந்த உரையாடலில் தவறு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை என்பதுதான் கொடுமை. கட்டணம் கட்டாவிட்டால் பிள்ளைக்கு அவமானம் நிச்சயம். குழு லோன் தவறினால் அடுத்த நாள் வாசலில் ஆள் நிற்பது நிச்சயம். ஹெல்மெட் இல்லாவிட்டால் இந்த மாதம் விபத்து நடக்குமா? அநேகமாக நடக்காது. இந்த மாதத்தை மட்டும் பார்த்தால் ஹெல்மெட்டைத் தள்ளிப்போடுவதே சரியான கணக்கு. அடுத்த மாதமும் அதே கணக்குதான் சரி. இப்படித் தனித்தனியாகச் சரியான முப்பத்தாறு முடிவுகள் சேர்ந்து, மூன்று வருடம் வெறுந்தலையாகப் போய் முடிகிறது.

அனுபவமும் தப்பாகவே பாடம் சொல்லித் தருகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை, வருடத்துக்கு நானூறுக்கு மேல். ஆயிரம் முறை ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆயிரத்தோராவது முறையும் ஆகாது என்றே மனம் நம்பும். ஒரு குடும்பத்துக்குள் இருந்து பார்த்தால் ஆபத்து அவ்வளவு சிறியது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு மிக அதிக எண்ணிக்கையில் விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு.

குழந்தைத் தலைக்கு இன்னொரு அநியாயமும் உண்டு. அப்பாவின் ஹெல்மெட் வருடக்கணக்கில் அவருக்குப் பொருந்தும். குழந்தையின் தலை வளர்ந்துகொண்டே போகும். அதே ஆயிரம் ரூபாய், சீக்கிரமே அளவு பத்தாமல் போய்விடும். மிகவும் தேவைப்படும் தலைக்குத்தான் கவசம் மிக விலைகூடியது.

விழுப்புரத்துக் கரும்பு வயலில் ஒரு சோதனை

இதுவரை சொன்னது பணக் கணக்கு. பணமுடை நம் யோசிக்கும் திறனையே தொடுகிறதா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கான விடையைத் தேடி அவர்கள் வந்தது நம் ஊர்க் கரும்புக் காட்டுக்கு.

ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரின் ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். வெட்டுக்கு முந்திய மாதங்களில் நகை அடகுக் கடைக்குப் போகும், வெட்டுக்குப் பிறகு திரும்பி வரும். அதே மனிதர், அதே படிப்பு, அதே வீடு. மாறியது கைப்பணம் மட்டும். அவர்களுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள், வெட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. கையில் காசில்லாத மாதங்களில் அதே விவசாயி குறைவான புதிர்களையே சரியாக விடுவித்தார்.

அதே குழு அமெரிக்காவின் ஒரு வணிக வளாகத்தில் செய்த சோதனை நம் பொருளுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. கார் பழுது பார்க்க 150 டாலர் ஆகும் என்று யோசிக்கச் சொல்லிவிட்டுப் புதிர் கொடுத்தால் ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடு தெரியவில்லை. 1,500 டாலர் என்று சொன்னதும் ஏழைகளின் விடைகள் மட்டும் சரிந்தன.

இதை 'மனக் கொள்ளளவு' என்ற சொல்லால் விளக்கலாம். குடத்தில் பாதியைத் தவணைத் தேதிகள் நிரப்பிவிட்டால் மற்ற யோசனைக்கு மிச்சம் பாதிதான். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த முடிவை எல்லா ஆய்வும் உறுதி செய்யவில்லை. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி வேறுபாடு எதுவும் காணவில்லை. மாறாக, ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குக் கூலியில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்தபோது, அவர்களின் வேலை சுமார் 7 சதவீதம் கூடியது, பிழைகளும் குறைந்தன. விவாதம் முடியவில்லை. ஆனாலும் விழுப்புரத்து முடிவு என்னை ஒரு விஷயத்தில் மாற்றியது. ஏழை, அறிவு குறைந்தவர் அல்ல. அறுவடைக்குப் பின் அவரே தெளிவானவர். அறிவுரை சொல்லித் திருத்த வேண்டியது அவரை அல்ல, அவர் முன்னால் முடிவுகள் வந்து நிற்கும் விதத்தை.

அபராதமும் ஹெல்மெட்டும் ஒரே விலை

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, காரில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், தவறினால் 1,000 ரூபாய். 2022 பிப்ரவரி 15 அன்று அறிவித்து ஓராண்டுக்குப் பின் நடப்புக்கு வந்த விதி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. ஒன்பது மாதம் நிரம்பியவர்களுக்கு அளவான ஹெல்மெட், எல்லோருக்கும் ஓட்டுபவரோடு குழந்தையை இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, வேகம் 40க்கு மேல் கூடாது. தரச்சான்று பெற்ற சைக்கிள் ஹெல்மெட் போட்டாலும் போதும் என்கிறது அந்த விதி.

நல்ல விதி. ஆனால் அபராதத்தையும் நாம் வைத்த ஹெல்மெட் விலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மிச்சம் 500 ரூபாய் உள்ள குடும்பத்திடம் அபராதமாக எடுத்த ஆயிரம், ஹெல்மெட்டாக மாறியிருக்க வேண்டிய ஆயிரம்.

பாதுகாப்புக்கு விலை வைக்கும்போது மக்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று யோசித்து முடிவெடுத்த ஒரு நிகழ்வு உண்டு. விமானத்தில் மடியில் உட்காரும் கைக்குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயமாக்க வேண்டும் என்று அமெரிக்காவில் நீண்ட நாள் கோரிக்கை. 2005இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது. கூடுதல் டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலை வானத்தைவிட ஆபத்தானது, ஆகவே இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தமிழ்நாட்டில் இதே தத்துவம் நல்ல பக்கமாக வேலை செய்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. பேருந்துப் பயணம் ஸ்கூட்டரைவிடப் பல மடங்கு பத்திரமானது. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஒரு குழந்தை ஹெல்மெட்டின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. யாரும் இதைச் சாலைப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை. என் கணக்கில் இது அதுவும்தான்.

சேலை கார்டை யாரும் தேடி வாங்கியதில்லை

உங்கள் பைக்கின் பின்சக்கரத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கம்பி வலை இருக்கும். சேலை கார்டு. அதை எந்தக் கடையில், எந்த மாதம் வாங்கினீர்கள்? வாங்கியிருக்க மாட்டீர்கள். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பு வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. விலை வண்டியோடு கலந்து, தவணையோடு கரைந்து போனது. அதனால் கோடீஸ்வரர் வீட்டு வண்டியிலும் ஒப்பந்தத் தொழிலாளியின் வண்டியிலும் அதே சேலை கார்டு.

வறுமை பாதுகாப்பை எங்கே வெட்டுகிறது என்பது இப்போது தெரிகிறது. தனியாக, மொத்தமாக, மாதக் கடைசியில் காசு கேட்கும் இடத்தில் வெட்டுகிறது. வண்டியோடு சேர்ந்தே வருவதை அதனால் தொட முடிவதில்லை.

நம் வெள்ளானூர்க் குடும்பத்துக்குத் திரும்புவோம். ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டை மூன்று வருட வண்டிக் கடனில் சேர்த்தால் வட்டியோடு மாதம் 35 ரூபாய்க்குள் வரும். இரண்டு பிள்ளைகளுக்கு 70. டியூ 2,900 என்பது 2,970 ஆகும். அந்த வீட்டில் யாரும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. வண்டி விற்கும்போதே தரமான ஹெல்மெட்டும் தர வேண்டும் என்ற விதியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நியூசிலாந்தில் பிளங்கெட் என்ற தாய்சேய் நலச் சங்கம் குழந்தை கார் இருக்கைகளை வாடகைக்குக் கொடுத்து, குழந்தை வளர்ந்ததும் திரும்ப வாங்கிப் பல ஆண்டுகள் நடத்திக்காட்டியது. நம்மிடம் ஒவ்வொரு ஊரிலும் அங்கன்வாடி இருக்கிறது. அங்கே எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் இரண்டு அளவில் பத்து ஹெல்மெட் இருந்தால், அடிபடாததை வாங்கித் துடைத்து அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது ஹெல்மெட்டுக்கு விதித்த வரி 18 சதவீதம். குழந்தை அளவுக்காவது அதை எடுத்துவிட வேண்டும்.

அதுவரை காசு கேட்காத சில காரியங்கள் உண்டு. 40ஐ 30 ஆக்கினால் நாம் பார்த்த வீழ்ச்சியின் உயரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. எட்டு மணி ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போகும் இடத்தில் இதுவும் முழுக்க இலவசம் இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். முன்பலகையில் குழந்தையை நிற்க வைக்காதீர்கள். காரில் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த ஹெல்மெட்டும் பொருந்தாது, அதன் கழுத்து அந்தப் பாரத்தைச் சுமக்காது. 2022 விதியும் அந்த வயதுக்கு ஹெல்மெட் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு வண்டியே வேண்டாம், பேருந்து போதும்.

புது வண்டி எடுக்க ஷோரூமுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி இன்ச் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவில் ஒரு ஹெல்மெட்டைப் பில்லில் சேர்த்து, தவணையில் போடச் சொல்லுங்கள்.